குறை கமராவிலா, கையிலா? பொகவந்தலாவையிலிருந்து கேட்ட தம்பிக்கு

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் இருப்பது பழைய நிக்கோன் டி3300, அதோடு வந்த 18–55 லென்ஸ். ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை இரவில் வானத்தை எடுத்துப் பார்த்தாராம். ஒன்றில் வெள்ளைப் புகையாக வருகிறது, இல்லாவிட்டால் வெறும் கறுப்பாக வருகிறது. கடன் பட்டாவது ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் உள்ள கமரா வாங்கலாமா என்பது முதற் கேள்வி. ஊர் ஊராகப் போக வசதியில்லை, தோட்டத்துக்குள் இருந்துகொண்டே என்ன எடுக்கலாம் என்பது அடுத்தது. இரண்டையும் வாசித்தபோது அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்விதான் எனக்குக் கேட்டது: குறை கமராவிலா, என் கையிலா? தம்பி, இரண்டிலும் இல்லை. நீங்கள் போன மாதங்களுக்கு நீங்கள் நின்ற மலைப்பக்கம் ஒத்துவராது. அவ்வளவுதான். கடன் வாங்க வேண்டாம்.

நான் டிக்கோயாவில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். இப்போது பண்டாரவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், 22 வருடமாகிறது. பிழைப்பு கல்யாண வீடும் சடங்கு வீடும். இரவில் மலை ஏறுவது ஆசைக்காக. மலையின் இரண்டு பக்கத்திலும் வாழ்ந்தவன் என்பதால் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: மலையகத்துக்கு ஒரே வானிலை கிடையாது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை எல்லாம் மேற்குச் சரிவு. பண்டாரவளை, வெலிமடை, பதுளை, பசறை எல்லாம் கிழக்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து உங்கள் பக்கத்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மழையாகவும் மூட்டமாகவும் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி கிழக்குச் சரிவான ஊவாவுக்குள் இறங்கும்போது அதே காற்று கச்சான் என்ற காய்ந்த காற்றாகிவிடும். அதனால்தான் நீங்கள் போர்வைக்குள் மழையைக் கேட்டுக்கொண்டிருந்த ஜூலை இரவுகளில் நாங்கள் பசறைப் பக்கம் நட்சத்திரம் எடுத்துக்கொண்டிருந்தோம். டிசம்பரில் வடகிழக்குக் காற்று வந்ததும் கதை தலைகீழாகும். ஊவா நனையும். ஜனவரி பாதி கடந்ததும் உங்கள் பக்கம் தெளியத் தொடங்கும். பெப்ரவரியும் மார்ச்சும்தான் உங்களுடைய மாதங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பக்கமும் பின்னேரம் இடியும் மழையும். ஆனால் அந்த மழை ஓய்ந்த பின் சில நேரம் நடுச்சாமத்தில் வானம் கழுவி விட்டது போல் இருக்கும்.

இதோடு வானத்தின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் சந்தேகமே இல்லை. பால்வீதி என்று நாம் படங்களில் பார்க்கும் அந்தப் பொங்கிய பகுதி விருச்சிகத்தின் வால் பக்கம் இருக்கிறது. நம் பாட்டிமார் நட்சத்திரம் பார்த்த மாதிரியே பாருங்கள்: கேட்டை சிவப்பாக மின்னும், அதிலிருந்து கீழே கொக்கி போல வளைந்து போவது மூலம். அந்தக் கொக்கியின் இடப்பக்கம்தான் பால்வீதியின் நடு. மார்ச் நடுப்பகுதியில் அது நள்ளிரவு கழிந்து எழும். விடியற்காலை 4 மணிக்குத் தென்கிழக்கில் பாதி உயரத்தில் நிற்கும். 5 மணிக்குப் பிறகு வானம் வெளிறத் தொடங்கிவிடும். ஆகவே உங்கள் பக்கத்து நேரம் மார்ச் அமாவாசையை ஒட்டிய நாட்களில் விடியற்காலை 3 முதல் 5 மணி. ஜூன் நடுவில் அதே பகுதி நள்ளிரவில் தெற்கே உச்சிக்கு வரும், ஓகஸ்ட் நடுவில் இரவு 8 மணிக்கே அங்கே நிற்கும். அது ஊவாவின் நேரம். பண்டாரவளையில் சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே வந்தால் போதும். உச்சியில் நிற்கும்போது அதன் உயரம் தெற்கு அடிவானிலிருந்து ஏறத்தாழ 54 பாகை. ஐரோப்பாவின் பெரும் பகுதியில் இருப்பவர்கள் அதை அடிவானத்தோடு ஒட்டித்தான் பார்க்க முடியும். அந்த விஷயத்தில் நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. ஆனால் அதே உயரம் ஒரு சிக்கலையும் தரும். 18 மில்லிமீட்டரில் கமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் சட்டத்துக்குள் அடங்குவது ஏறத்தாழ 66 பாகைதான். கீழே தேயிலை மலையும் வேண்டும், மேலே பால்வீதியின் நடுவும் வேண்டும் என்றால் அது உச்சிக்கு வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எடுங்கள்.

சிவனொளிபாதமலைக்கு மேலே பால்வீதி நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. அது ஏன் கஷ்டம் என்று சொல்கிறேன். மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கம் நின்றால் மலை நமக்கு மேற்கில் இருக்கிறது. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரையான பருவத்தில் படி முழுக்க விளக்கு எரியும். வானமும் பெப்ரவரி, மார்ச்சில் தெளிவு. ஆனால் அந்த மாதங்களில் பால்வீதியின் நடு தென்கிழக்கில், அதாவது நம் முதுகுப்பக்கம் இருக்கிறது. அது மலையின் பக்கம் சாய்வது மே மாத விடியலிலும் செப்டெம்பர் முன்னிரவிலும்தான். மே தொடங்கியதுமே மழை வந்துவிடுகிறது, செப்டெம்பரில் படி விளக்குகள் இல்லை. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் என்று ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. அது கிடைக்குமா என்பது அந்த வருடத்து மழையின் கையில். அதற்காகக் காத்திருக்கும்போது அதே இடத்தில் வேறு படங்கள் இருக்கின்றன. விளக்குப் படி மட்டும், 20 செக்கன், எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது), ஐஎஸ்ஓ 400 (ஒளியை உணரும் அளவு): மலையின் மேல் ஒரு பொன் நூலைத் தொங்கவிட்ட மாதிரி வரும். விளக்குகள் வெளுத்துப்போகாமல் இருக்க 4 செக்கனில் இன்னொன்றும் எடுத்து வையுங்கள். விடிந்தபின் உச்சியில் நின்றால் 2,243 மீற்றர் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழும். சூரியன் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டு வரும், முதல் சில நிமிடங்கள்தான். எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் திரும்பி நில்லுங்கள்.

இப்போது உங்கள் வெள்ளைப் புகைக்கு வருகிறேன். படங்களைப் பார்க்காமல் சொல்கிறேன், அதனால் இதை ஒரு வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய இரவில் எடுத்த முதல் படத்திலிருந்தே எல்லாம் வெள்ளையாக இருந்தால் அது மூட்டம். லயத்து விளக்கும் ஸ்டோரு (தேயிலைத் தொழிற்சாலை) விளக்கும் மூட்டத்தில் பட்டு, கமரா அந்த ஒளியைத்தான் பார்த்திருக்கிறது. அதற்கு எந்தக் கமராவிலும் மருந்தில்லை. முதல் பத்துப் படம் சரியாக இருந்து, போகப் போக நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் பரவி, கடைசியில் புகையானால் அது லென்ஸில் படிந்த பனி. நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் பஞ்சுருண்டை மாதிரி இருந்தால் ஃபோகஸ் தவறு. வெறும் கறுப்பு என்றால் பெரும்பாலும் ஃபோகஸ் மிகவும் தவறிப்போய் நட்சத்திரங்கள் பரவிக் கரைந்திருக்கும், அல்லது கமரா தானியங்கி முறையில் இருந்திருக்கும். சின்னச் சின்னக் கோடுகளாக வந்தால் நேரம் கூடிப்போயிற்று.

ஃபோகஸ்தான் பாதி வேலை. இருட்டில் டி3300-இன் திரையில் நட்சத்திரம் தெரிவது சிரமம். தோட்டத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு: எதிர் மலையில் எப்போதும் ஒரு லயத்து விளக்கோ கோவில் விளக்கோ எரியும். லென்ஸ் 18-இல் இருக்கும்போது அரைக் கிலோமீற்றர் தூரமும் நட்சத்திரமும் ஃபோகஸுக்கு ஒன்றுதான். லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்க்கும் முறையில், அந்த விளக்கைப் பெரிதாக்கி, கையால் வளையத்தைத் திருப்பி, விளக்கு மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். லென்ஸில் இருக்கும் சுவிட்ச் ‘எம்’இல் (கையால் அமைப்பது) இருக்க வேண்டும். கை ஆட்டத்தைச் சமன்செய்யும் விஆர் சுவிட்சை அணைத்து வையுங்கள், ட்ரைபொட்டில் அது உதவாது. அப்புறம் ஜூமைத் தொடக்கூடாது. கமராவை ‘எம்’ முறையில் வைத்து எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 15 செக்கன் என்று தொடங்குங்கள். 500-ஐ லென்ஸ் நீளத்தாலும், சின்ன சென்சாருக்கான 1.5-ஆலும் வகுக்கும் பழைய விதிப்படி 18 செக்கன் வரும், ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் கோடு தெரியும். 12, 13 செக்கன் இன்னும் நல்லது. ஷட்டரைக் கையால் அமுக்காமல் 2 செக்கன் டைமரில் விடுங்கள். படம் ரோ கோப்பாக (கமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) இருக்கட்டும், நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைப் பிறகு கணினியில் 4000 அளவில் வைத்துக்கொள்ளலாம். திரையில் வரும் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது அளவுக்கு மீறி வெளிச்சமாகத் தெரியும். ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இடச் சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும்.

ஒரே இடத்தில் ட்ரைபொட்டை அசைக்காமல் 16 படம் எடுத்து, சீக்குவேட்டர் மாதிரி இலவச மென்பொருளில் அடுக்கினால் புள்ளிப் புள்ளியான இரைச்சல் நாலில் ஒன்றாகும். இதைத்தான் கடன் வாங்குவதற்கு முன் செய்து பார்க்கச் சொல்கிறேன். உங்கள் பழைய கமராவையும் விலைகூடிய கமராவையும் பிரிக்கும் இடைவெளியில் பெரும் பகுதியை இந்த அடுக்குவது மூடிவிடும். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஆடாத ட்ரைபொட், அடுத்து இன்னொரு பற்றரி. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். அதற்குப் பிறகு பழைய 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. எஃப் 3.5-ஐ விட அது நாலு மடங்குக்குக் கிட்ட ஒளி வாங்கும், கூத்துக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து உழைக்கும். நட்சத்திரத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் வாங்கச் சொல்லி வீடியோக்களில் வரும். நம் இடத்தில் அவசரப்பட வேண்டாம். அதைச் சுலபமாக நேர்ப்படுத்தத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும். இங்கே அது வடக்கு அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு எதிர் மலை அதை மறைத்துவிடும்.

அதே 7 பாகைதான் நட்சத்திரக் கோட்டுப் படத்துக்கு நம் ஊருக்கே உரிய அழகைக் கொடுக்கிறது. வடக்கே பார்த்து ஒரு மணிநேரம் தொடர்ந்து எடுத்து அடுக்கினால், மற்ற நாட்டுப் படங்களில் வரும் முழு வட்டம் இங்கே வராது. மலை விளிம்பிலிருந்து அரை வட்டமாக எழும்பும் சின்னச் சின்ன வளைகோடுகள், வாசலில் கட்டிய தோரணம் மாதிரி வரும். கிழக்கே பார்த்து எடுத்தால் நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நேர்கோடாக மேலே ஏறும். சவுக்கு மரமோ டர்பன்டைன் மரமோ வரிசையாக நிற்கிற இடத்தில் அதை எடுத்துப் பாருங்கள், மரத்தின் கோடும் வானத்தின் கோடும் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும்.

பனியைப் பற்றி நீளமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் மலையில் மேகத்தை விட அதுதான் அதிகம் படத்தைக் கெடுக்கிறது. தெளிந்த இரவில் லென்ஸின் கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டே தன் சூட்டை இழந்து, சுற்றியிருக்கும் காற்றை விடக் குளிர்ந்துவிடும். அதில் காற்றின் ஈரம் படிகிறது. துணியால் துடைத்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி வரும். துடைப்பதால் பயனில்லை, கண்ணாடி குளிராமல் பார்க்க வேண்டும். பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டிகள் விற்கிறார்கள், வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நான் பல வருடம் செய்ததைச் செய்யுங்கள். மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுப்போமே, அதே வேலை. ஒரு பிடி அரிசியைச் சட்டியில் இளஞ்சூடாக வறுத்து, பழைய காலுறையில் போட்டு முடிந்து, லென்ஸின் உடலைச் சுற்றிக் கட்டுங்கள். கன்னத்தில் வைத்தால் சுகமாக இருக்கும் சூடு போதும், அதற்கு மேல் வேண்டாம். அரை மணிநேரம் தாங்கும். இரண்டு காலுறை இருந்தால் ஒன்றை மாற்றி மற்றதை அடுப்பங்கரையில் வைக்கலாம். வீட்டுக்குத் திரும்பியதும் குளிர்ந்த கமராவை நேராக அடுப்புச் சூட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளியில் வைத்தே பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கி, ஒரு மணிநேரம் கழித்துத் திறவுங்கள்.

ஈரம் பூஞ்சணத்தையும் கொண்டுவரும். என் முதல் நல்ல லென்ஸை லயத்து அறையில் தோல் பையோடு ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் போனபின் ஒளியில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது. கொழும்பில் ஒரு கடையில் கழுவக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது பூஞ்சணம் போயிருந்தது, கூர்மையும் போயிருந்தது. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. ஈரம் 40–50 வீதத்துக்குள் நிற்கட்டும். தோல் பைக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. பயணம் போக வசதியில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே கோச்சியை (ரயிலை) எடுக்கிறார்கள் என்று நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்தப் படங்களில் யார் எடுத்தது எது என்று சொல்ல முடியாது. உங்கள் தோட்டத்து இரவை எடுக்க அங்கே உங்களை விட்டால் ஆளில்லை. ஸ்டோரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து வாடவைக்கும் மாடிகளில் வரிசையாக ஜன்னல், இரவு முழுக்க வெளிச்சம். மூட்டம் இறங்கும் இரவில் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒளி பட்டையாக வெளியே நீளும், மலைக்குள் ஒரு கப்பல் நிற்கிற மாதிரி இருக்கும். வெள்ளைப் புகை என்று நீங்கள் திட்டிய அதே மூட்டம் இங்கே படத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 6 செக்கன் என்று தொடங்கலாம். மூட்டத்தைப் பகலில் எடுக்கும்போது கமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒளியை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். விடியலில் பள்ளத்தில் படுத்திருக்கும் மூட்டம் வேறு, பின்னேரம் 2 மணிக்கு மேல் சரிவில் ஏறி வரும் மூட்டம் வேறு. காலையில் மேலே நின்று கீழே பாருங்கள். பின்னேரத்தில் அதற்குள்ளேயே நில்லுங்கள்.

அந்தி நீலம் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டு வீடியோக்களில் நீல நேரத்தை ஆற அமர எடுப்பார்கள். நம் நாட்டில் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. சூரியன் மறைந்து நல்ல நீலம் வந்து போக அரை மணிநேரம்கூட ஆகாது. இடத்தையும் சட்டத்தையும் முதல் நாளே பார்த்து வைத்திருந்தால்தான் பிடிக்கலாம். லயத்துக் கூரைக்கு மேல் அடுப்புப் புகை எழும்பி, வாசல் விளக்கு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் நேரம் அதுதான். போயா இரவில் நட்சத்திரம் வராது, ஆனால் நிலவில் தேயிலை மலை முழுக்கத் தெரியும். ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 10 செக்கன் அளவில் போடுங்கள். பகல் போலவும் பகல் இல்லாமலும் ஒரு வெளிச்சம் வரும்.

மஸ்கெலியா உங்களுக்கு அதிக தூரமில்லை. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் பழைய ஊர் மூழ்கிக் கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கும் வருடங்களில் பழைய கோவிலின் கற்கள் சேற்றுக்கு மேலே வரும். பெப்ரவரி, மார்ச்சில் அது வெளியே வருமானால், உங்கள் தெளிந்த வானமும் விடியற்காலைப் பால்வீதியும் அதே வாரத்தில் கூடும். நான் ஒரே ஒருமுறை அதை எடுத்தேன். தென்கிழக்கே பார்த்து நின்றேன், கற்களின் மேல் கைபேசி ஒளியை இரண்டு செக்கன் மட்டும் பக்கவாட்டில் வருடினேன். என் அம்மாவின் தாய்வீடு அந்தத் தண்ணீருக்கடியில் போன ஊரில் இருந்தது. அந்தப் படத்தை இன்னும் ஸ்டூடியோச் சுவரில் வைத்திருக்கிறேன். சேறு ஆளை இழுக்கும், கரையை விட்டு உள்ளே நடக்காதீர்கள்.

அதே பருவத்தில்தான் காமன் கூத்தும் வருகிறது. மாசி அமாவாசைக்குப் பிறகு காமன் ஊன்றி, தப்பு மேளச் சத்தத்தோடு இரவிரவாக ரதி, மதன் ஆட்டம் நடக்கும், கடைசியில் காமன் எரியும் இரவு. இரவுப் படம் பழக இதை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. ஃபிளாஷ் வேண்டாம், அது அந்த இரவையே கொன்றுவிடும், ஆடுகிறவர் கண்ணையும் கூசவைக்கும். எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓ 3200, செக்கனில் 125-இல் ஒரு பங்கு. இல்லாவிட்டால் உங்கள் லென்ஸிலேயே கால் செக்கன் வைத்து, ஆடுபவர் ஒரு நொடி நிற்கும் இடத்தில் அமுக்குங்கள். முகம் நிற்கும், கை கால் ஒளியாக ஓடும். தீயை அளந்து எடுங்கள், முகம் இருட்டாகப் போனால் போகட்டும். ஆட்டத்துக்கு முன்னால் கூத்து மாஸ்டரிடம் போய், எந்த இடத்தில் என்ன வரும் என்று கேட்டு, எடுக்கலாமா என்றும் கேளுங்கள். விரதம் இருந்து ஆடுகிறவர்கள் அவர்கள்.

கேட்டு எடுப்பது பற்றி இன்னொன்று. கொழுந்து எடுக்கும் பெண்களை எடுத்தால் படம் விற்கும் என்று பலர் வருகிறார்கள். பெரட்டு (காலையில் வேலை பிரிப்பது) முடிந்து மலைக்கு ஏறும் நேரத்தில் மறித்து, கூடையைத் தலையில் மாட்டிச் சிரிக்கச் சொல்வார்கள். டிக்கோயாவில் எங்கள் லயத்து ஆச்சி ஒருவரை நானும் அப்படித்தான் கேட்டேன். “கூடை இல்லாம எடு தம்பி, இது நான்னு தெரியணும்” என்றார். வீட்டுக்குள் போய்ச் சேலை மாற்றி, தலை வாரி, வாசல் படியில் உட்கார்ந்தார். அதுவரை அவரிடம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அன்றிலிருந்து யாரை எடுத்தாலும் ஒரு பிரதி கழுவிக் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அந்த மக்களுக்குள் ஒருவர், உங்களுக்கு அவர்கள் காட்டும் முகம் வெளியிலிருந்து வருகிறவருக்குக் கிடைக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தனியாகப் போக வேண்டாம். தேயிலை மலையில் இரவில் சிறுத்தை நடமாடும். பெரும்பாலும் அது நம்மைக் கண்டு ஒதுங்கிவிடும், ஆனால் ஓடை ஓரப் புதருக்குள் சத்தமில்லாமல் குந்தியிருப்பது நல்லதல்ல. பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி காலில் படலாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தையே அப்படிச் சிக்கிச் செத்தது. கண்ணியைக் கண்டால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். விலங்குப் படம் என் துறையில்லை, அதைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்வது சரியாக இருக்காது. குளவிக் கூடு எந்த மரத்தில் என்று மலையில் வேலை செய்கிறவர்களிடம் பகலிலேயே கேட்டு வையுங்கள், ட்ரைபொட்டை இழுத்துக்கொண்டு இருட்டில் அதன் கீழே போய் நிற்கக்கூடாது. டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டினால் கண் இருட்டுக்குப் பழகியே இருக்கும். கனமழைக்கு மறுநாள் சரிவுப் பக்கம் போகவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாமெல்லாம் மறந்திருக்க மாட்டோம். தோட்டத்து எல்லைக்குள் என்றாலும் துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ ஒரு சொல் சொல்லிவிட்டு, ஸ்டோரு காவலாளிக்கும் தெரியப்படுத்துங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குள் இரவில் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும்.

சந்தேகம் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் எப்போது எங்கே நிற்கும் என்பதை ஸ்டெல்லாரியம் என்ற வான்காட்சி மென்பொருளில் நிமிடக் கணக்கில் பார்க்கலாம், அது தவறாது. எந்த இரவு தெளியும் என்பதை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. வானிலைச் செயலிகள் ஒரு பெரிய கட்டத்துக்குச் சேர்த்துத்தான் சொல்கின்றன, உங்கள் ஒரு பள்ளத்தாக்கு அதில் தெரியாது. மாலையில் செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்து, வானம் தெளிந்து காற்றும் லேசாக இருந்தால் 2 மணிக்கு அலாரம் வைக்கிறேன். மூன்றில் ஒரு இரவு கிடைத்தால் சந்தோஷப்படுகிறேன். காற்றே இல்லாமல் ஈரமாக இருந்தால் விடியலில் பள்ளம் மூட்டத்தால் நிரம்பும். அப்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறி மூட்டத்தை எடுப்பேன்.

இப்போதைக்கு ஸ்டோரையும் நிலவையும் எடுத்துப் பழகிக்கொண்டிருங்கள். ஜனவரி கடைசியில் ஒரு தெளிந்த விடியற்காலையில் எதிர் மலை விளக்கில் ஃபோகஸ் வைத்து, கேட்டையைத் தேடி, 13 செக்கனில் 16 படம் எடுத்து, அதில் முதலாவதையும் கடைசியையும் ரோ கோப்பாகவே இங்கே போடுங்கள். பனியா, ஃபோகஸா, லென்ஸின் கோளாறா என்று அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.